புள்ளிகளை எப்படிக் கூட்டுகிறீர்கள்? ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் இளையோர் இப்போதெல்லாம் ஒரே ஒரு நேர்முகத் தேர்வோடு தப்ப முடிவதில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையோ, பிறையில் ஒரு கிடங்கோ, கோலாலம்பூரில் ஒரு வங்கியோ, எங்கே போனாலும் எழுத்துத் தேர்வு, கணினியில் ஒரு குணநல வினாத்தாள், செய்முறை, அதன்பின் நேர்முகம் என்று வரிசையாக வருகின்றன. அரசாங்கத்தில் பி.டி.டி. (நிர்வாக, தூதரக) அதிகாரி வேலைக்கும் தேர்வு, மதிப்பீட்டு மையம், நேர்முகம் என்று படிகள் உண்டு. பல கோணங்களில் ஆளைப் பார்ப்பது நல்லதுதான். அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் இத்தனை தேர்வு வைக்கும் தனியார் நிறுவனங்களிடம், "இந்தப் புள்ளிகளை எல்லாம் எப்படிச் சேர்க்கிறீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "எல்லாத்தையும் வச்சுப் பார்த்து முடிவு பண்ணுவோம்" என்பதே. தேர்வுத் தாளுக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தை மனக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தேர்வுகளுக்கும் பிற்கால வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை. 2022-இல் பால் சாக்கட் குழுவினர் பழைய ஆய்வுகளைத் திருத்திக் கணக்கிட்டபோது, எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்னரே எழுதிவைத்த அளவுகோலால் புள்ளியிடும் நேர்முகம் 0.42 பெற்று முதலிடத்தில் நின்றது. வேலை அறிவுத் தேர்வு 0.40, செய்முறைத் தேர்வு 0.33, பொது அறிவாற்றல் தேர்வு 0.31. வாய்க்கு வந்த கேள்விகளைக் கேட்கும் சாதாரண நேர்முகம் 0.19. "எத்தனை வருஷ அனுபவம்?" என்று முதலில் கேட்கிறோமே, அந்த வருடக் கணக்கு 0.07. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வது 1998-இல் வந்த பட்டியலில் 0.02. பெயரெண் பார்த்து ஆள் எடுப்பவர்களுக்குத் தனியாக எண் தேட வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறேன்.

எந்த ஒரு தேர்வும் பாதியைக்கூடத் தொடவில்லை என்பது தெரிகிறது. அதனால்தான் இரண்டு மூன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அங்கே இன்னொரு செய்தி உண்டு. புள்ளிகளைச் சூத்திரப்படி கூட்டுவதா, நிபுணர் ஒருவர் பார்த்து முடிவு செய்வதா என்ற கேள்வியை 1954-லேயே பால் மீல் எழுப்பி, சூத்திரம் தோற்பதே அரிது என்று காட்டினார். 2013-இல் நேதன் குன்செல் குழுவினர் வேலைக்கும் கல்விச் சேர்க்கைக்கும் ஆள் தெரிவு செய்வது பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தனர். அதே புள்ளிகள், அதே விண்ணப்பதாரர்கள். சூத்திரப்படி கூட்டியபோது வேலைத் திறனைக் கணிப்பது 50 விழுக்காட்டுக்கும் மேல் கூடியது. (மீல், சாக்கட், குன்செல் மூவரும் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள். அங்கே குளிர் அதிகம், உட்கார்ந்து கணக்குப் போட நேரம் கிடைக்கும் போலும்.)

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். மனிதர் காலையில் வந்தவருக்குக் கணக்குத் தேர்வைப் பெரிதாக எடுப்பார், மதியம் வந்தவருக்குப் பேச்சைப் பெரிதாக எடுப்பார். சூத்திரம் ஒன்பது மணிக்கும் நான்கு மணிக்கும் ஒரே மாதிரி இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பேசுவோம். பிறையில் ஒரு நிறுவனத்துக்கு ஸ்டோர் கிளார்க் வேண்டும். முதலில் அந்த வேலையை ஏற்கெனவே செய்பவர்கள் இருவரையும் அவர்களின் மேலாளரையும் உட்கார வைத்து, அன்றாடம் என்ன செய்கிறார்கள், எங்கே தவறு நடந்தால் காசு போகிறது என்று எழுத வேண்டும். டெலிவரி ஆர்டரைச் சரக்கோடு ஒப்பிடுவது, இருப்பு அட்டையைச் சரியாக எழுதுவது, ஓட்டுநரிடமும் கொள்முதல் பிரிவிடமும் தகராறில்லாமல் பேசுவது என்று நான்கைந்து வரும். அவற்றிலிருந்துதான் தேர்வுகள் பிறக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு: 40 கேள்வி, 30 நிமிடம். கூட்டல், பெருக்கல், பெட்டிக் கணக்கு, மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள இன்வாய்ஸைப் படித்துப் புரிந்துகொள்வது. செய்முறை: ஓர் அலமாரியில் 30 பொருள், கையில் இருப்புப் பட்டியல், அதில் வேண்டுமென்றே நுழைத்த 6 தவறுகள், 25 நிமிடம். கண்டுபிடித்த தவறுகளுக்குப் புள்ளி கூட்டி, சரியாக இருப்பதைத் தவறு என்று குறித்தால் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் எல்லாவற்றையும் வட்டமிட்டு வைப்பவர் முதலில் வருவார். நேர்முகம்: ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை.

நேர்முகக் கேள்வி எப்படி இருக்க வேண்டும்? "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன?" என்பதை விட்டுவிடலாம், அதற்கு எல்லாரும் யூடியூப்பில் பதில் படித்துவிட்டு வருகிறார்கள். இப்படிக் கேட்கலாம்: "டெலிவரி ஆர்டரில் 50 பெட்டி என்று இருக்கிறது. எண்ணினால் 48. அடுத்த இடத்துக்கு நேரமாகிறது, கையெழுத்துப் போடுங்கள் என்று ஓட்டுநர் அவசரப்படுத்துகிறார். என்ன செய்வீர்கள்?" கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பார்ப்பேன் என்றால் 1. மேலாளரைக் கூப்பிடுவேன் என்று அதோடு நிறுத்தினால் 3. ஓட்டுநர் முன்னிலையிலேயே மறுபடி எண்ணி, குறைவை டெலிவரி ஆர்டரிலேயே எழுதி இருவரும் கையெழுத்திட்டு, படம் எடுத்து, கொள்முதல் பிரிவுக்குத் தெரிவிப்பேன் என்றால் 5. இந்த மூன்று விடைகளையும் நேர்முகத்துக்கு முன்பே தாளில் அடித்து வைத்திருக்க வேண்டும். கேட்பவர் இருவர் என்றால், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் புள்ளி எழுதிய பிறகே பேசலாம். இருவருக்கும் 2 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் யார் எதைக் கேட்டார் என்று குறிப்புகளை ஒப்பிட வேண்டும். மற்றபடி சராசரி போதும்.

இனிதான் பலரும் சறுக்கும் இடம். "நேர்முகத்துக்கு 60 விழுக்காடு, எழுத்துத் தேர்வுக்கு 40" என்று முடிவு செய்து, புள்ளிகளை அப்படியே பெருக்கிக் கூட்டிவிடுகிறார்கள். செய்முறையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, இரண்டையும் நூற்றுக்கு மாற்றி எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வில் சராசரி 60, திட்ட விலக்கம் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரந்து கிடக்கின்றன என்ற அளவு) 15. அதாவது 30 எடுத்தவரும் உண்டு, 90 எடுத்தவரும் உண்டு. நேர்முகத்தில் யாருக்கும் மனம் நோகக் கூடாதென்று எல்லாருக்கும் எழுபதுக்கு மேலேயே போட்டிருக்கிறார்கள். சராசரி 75, திட்ட விலக்கம் வெறும் 4.

முதல் விண்ணப்பதாரர் எழுத்தில் 84, நேர்முகத்தில் 73. அப்படியே கூட்டினால் 33.6 + 43.8 = 77.4. இரண்டாமவர் எழுத்தில் 63, நேர்முகத்தில் 83. கூட்டினால் 25.2 + 49.8 = 75. முதலாமவருக்கு வேலை.

ஆனால் நேர்முகத்தில் முதலாமவர் சராசரிக்கும் கீழே. இரண்டாமவரோ மற்றவர்களைவிட வெகு தூரம் மேலே. நேர்முகமே முக்கியம் என்று சொன்ன நிறுவனம், தெரியாமலேயே எழுத்துத் தேர்வை வைத்து ஆள் எடுத்துவிட்டது. ஒரு தேர்வு இறுதி வரிசையை எவ்வளவு இழுக்கிறது என்பது தாளில் எழுதிய விழுக்காட்டை மட்டும் பொறுத்ததில்லை. புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதையும் பொறுத்தது. 0.4 × 15 = 6. 0.6 × 4 = 2.4. எழுத்துத் தேர்வின் இழுவிசை நேர்முகத்தைப் போல் இரண்டரை மடங்கு.

இதைச் சரிசெய்ய, கூட்டுவதற்கு முன் எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்து, பத்தால் பெருக்கி, 50-ஐக் கூட்டுங்கள். முதலாமவருக்கு எழுத்து 66, நேர்முகம் 45. இரண்டாமவருக்கு 52, 70. இப்போது 40க்கு 60 என்று கூட்டினால் முதலாமவர் 53.4, இரண்டாமவர் 62.8. வரிசை தலைகீழாகிவிட்டது. எக்செல்லில் சராசரிக்கு ஒரு சூத்திரம், திட்ட விலக்கத்துக்கு ஒரு சூத்திரம், அவ்வளவுதான் வேலை. இடையில் எந்த எண்ணையும் முழு எண்ணாக்க வேண்டாம். கடைசியில் மட்டும் செய்யலாம்.

விண்ணப்பித்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான் என்றால் அந்தச் சராசரியும் விலக்கமும் நிலையாக இருக்காது. ஒரே ஒருவர் படுமோசமாக எழுதினாலும் கணக்கு சாய்ந்துவிடும். முந்தைய தடவைகளில் அதே தேர்வை எழுதியவர்களின் புள்ளிகளைச் சேர்த்து வைத்து, முப்பது நாற்பது பேர் ஆனதும் அந்தச் சராசரியையே நிரந்தர அளவாக வைத்துக்கொள்வது நல்லது.

எதற்கு எத்தனை விழுக்காடு? நூற்றுக்கணக்கான ஊழியர்களின் பதிவு இல்லாத நிறுவனத்துக்கு என் பதில்: எல்லாவற்றுக்கும் சமமாகக் கொடுங்கள். இருபது ஊழியர்களை வைத்து மென்பொருளில் துல்லியமான விகிதம் கண்டுபிடிப்பது வீண். அந்த இருபது பேரின் தற்செயல்தான் அதில் பதிவாகும். அளவை ஒன்றாக்கியபின் சம பங்கு கொடுத்தாலே நன்றாகக் கணிக்கும் என்று 1979-இல் ராபின் டாஸ் காட்டினார். ஒன்றுக்கு இரண்டு மடங்கு கொடுக்கும் அளவுக்குக் காரணம் இருந்தால் கொடுக்கலாம். ஆனால் விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துவிட வேண்டும். பெயர்களைப் பார்த்தபின் விகிதத்தைத் தொட்டால் அது தேர்வில்லை. நம்மூரில் 'கேபல்' (செல்வாக்குள்ளவரின் சிபாரிசு) என்கிறார்களே, அது நுழையும் வாசலும் இதுதான்.

அடுத்தது வெட்டுப்புள்ளி, அதாவது இதற்குக் கீழே எடுத்தால் வெளியே என்ற எல்லை. சிலவற்றை எதனாலும் ஈடுகட்ட முடியாது. லாரி ஓட்டுநருக்கு ஜி.டி.எல். (சரக்கு வாகனம் ஓட்டும்) உரிமம் இல்லையென்றால், நேர்முகத்தில் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் லாரியைக் கொடுக்க முடியாது. அத்தகையவற்றுக்குத் தடைக்கல் வைப்பது சரி. ஆனால் எல்லாத் தேர்வுக்கும் தடைக்கல் வைப்பவர்கள் ஒரு பெருக்கலைச் செய்து பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தேர்வுகள், ஒவ்வொன்றிலும் 70 விழுக்காட்டினர் தேறுகிறார்கள் என்றால், நான்கையும் தாண்டுபவர்கள் 24 விழுக்காடு. அறுபது பேர் வந்தால் பதினான்கு பேர். வெளியே போனவர்களில் மூன்றில் மிகச் சிறந்து, ஒன்றில் ஒரு புள்ளியில் தவறியவர்களும் இருப்பார்கள்.

அந்த ஒரு புள்ளிக்கும் பெரிய பொருள் கிடையாது. 40 கேள்வித் தேர்வில் திட்ட விலக்கம் 5, நம்பகத்தன்மை (மறுபடி எழுதினாலும் புள்ளி எவ்வளவு மாறாமல் வரும் என்ற அளவு, முழுமையானால் 1) 0.84 என்று வைத்துக்கொண்டால், ஒருவருடைய புள்ளியில் இயல்பாகவே 2 புள்ளி அளவுக்கு அளவீட்டுப் பிழை இருக்கும். 24 வெட்டுப்புள்ளி என்றால், 23 எடுத்தவரும் 25 எடுத்தவரும் மறுநாள் எழுதினால் இடம் மாறக்கூடும். எனவே வேலைக்கு உண்மையில் 24 வேண்டும் என்றால் தடைக்கல்லை 22-இல் வையுங்கள். இன்னொன்று: தடைக்கல்லைத் தாண்டியதும் அந்தப் புள்ளியைக் குப்பையில் போட்டுவிட்டு, "இனி எல்லாரும் சமம், நேர்முகத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது பரவலான பழக்கம். 22 எடுத்தவரும் 39 எடுத்தவரும் சமமில்லை. கடைசிக் கூட்டலில் அந்தப் புள்ளியும் வர வேண்டும்.

மொழி நிபந்தனையும் இதே கணக்குதான். வேலை விளம்பரங்களில் மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும் என்று பார்த்து நம் பிள்ளைகள் விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சீன வாடிக்கையாளரிடம் நாள் முழுக்கப் பேசும் வேலையானால் அது நியாயமான தேவை. கிடங்கில் பெட்டி எண்ணும் வேலைக்கு அதைத் தடைக்கல்லாக வைப்பதற்கு, முதலில் எழுதிவைத்த வேலை விவரத்தில் சான்று இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தொலைபேசி அழைப்புதான் காரணம் என்றால், அதைச் சிறு பங்குள்ள ஒரு மதிப்பீடாக வைக்கலாம். மற்றதில் சிறந்தவர் உள்ளே வர வழியிருக்கும். ஆங்கிலத் தேர்வுக்கும் இதுவே பொருந்தும். கணக்குத் திறனைச் சோதிக்கக் கடினமான ஆங்கிலத்தில் கேள்வி எழுதினால், அளக்கப்படுவது ஆங்கிலம்.

எத்தனை தேர்வு வைக்கலாம்? கூட்டிக்கொண்டே போவதால் பயன் கூடாது. நேர்முகம் 0.42, செய்முறை 0.33 என்று எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் தங்களுக்குள் உள்ள தொடர்பு 0.2 மட்டும் என்றால், சமமாகச் சேர்த்த புள்ளி 0.48 வரை கணிக்கும். அந்தத் தொடர்பு 0.7 ஆனால் 0.41, நேர்முகத்தைத் தனியாக வைத்திருந்தாலே மேல். ஒரே விஷயத்தை இரண்டு முறை அளப்பதற்கு விண்ணப்பதாரர் ஏன் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டும்?

இந்தத் தொடர்பை நிறுவனங்கள் தாங்களே உண்டாக்கிக்கொள்வதும் உண்டு. நேர்முகக் குழுவினர் கையில் எழுத்துத் தேர்வுப் புள்ளியை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். 35 எடுத்தவர் தயங்கினால் "யோசித்துப் பேசுகிறார்" என்றும், 20 எடுத்தவர் தயங்கினால் "தெரியவில்லை" என்றும் எழுதுவார்கள். அப்புறம் நேர்முகப் புள்ளி எழுத்துப் புள்ளியின் நகலாகிவிடும். நேர்முகப் புள்ளிகள் கணினியில் ஏறும்வரை எழுத்துத் தேர்வு முடிவு உறைக்குள் இருப்பதே நல்லது.

ஒரு தேர்வுக்கு வராதவருக்கு 0 போட்டுக் கூட்டக் கூடாது. மற்ற இரண்டின் சராசரியை அதிலும் நிரப்புவதும் தவறு. இன்னொரு நாள் கொடுங்கள். கொடுக்க முடியாதென்றால் விண்ணப்பம் முழுமையடையவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். இருவர் சமமாக வந்தால் எந்தத் தேர்வைப் பார்ப்பது என்பதையும் முன்னரே எழுதி வைக்க வேண்டும்.

கூட்டி முடித்த பிறகு முதலாளி, "எனக்கென்னவோ நாலாவதாக வந்தவரைத்தான் பிடிச்சிருக்கு" என்பார். உரிமை அவருடையது. ஆனால் காரணத்தை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து, அப்படி மாற்றி எடுத்தவர்களையும் பட்டியல்படி எடுத்தவர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகிவிட்ட காலத்தில், பொருந்தாத ஒருவர் மூன்று மாதம் இருந்தால் சம்பளம் 5,100, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) முதலாளி பங்கு 13 விழுக்காடு என்று 663. மேலாளர் சொல்லிக்கொடுத்த நேரம் கணக்கில் இல்லை.

அந்த ஆறு மாதச் சரிபார்ப்பில் ஒரு பொறி உண்டு. வேலையில் உள்ளவர்களின் தேர்வுப் புள்ளிக்கும் மேலாளர் தரும் மதிப்பீட்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும். உடனே தேர்வு உதவாது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் அனைவரும் மேல்வரிசையிலிருந்து வந்தவர்கள். புள்ளிகள் ஒரு சின்ன இடைவெளிக்குள் நெருங்கிக் கிடக்கும்போது தொடர்பு சிறுத்துத்தான் தெரியும். மதிப்பிடும் மேலாளருக்குத் தேர்வுப் புள்ளி தெரிந்திருக்கவும் கூடாது.

தாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேர்வுப் புள்ளியும் நேர்முகக் குறிப்பும் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தனிநபர் தரவுதான். தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கக் கேட்க ஒருவருக்கு உரிமையுண்டு. "முகம் சரியில்லை" என்று ஓரத்தில் கிறுக்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு, பிரிக்பீல்ட்ஸிலோ லெபோ பாசாரிலோ ஒரு கடை வைத்து, ஓர் இடத்துக்கு நான்கு பேரைப் பார்ப்பவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். திட்ட விலக்கம் எல்லாம் வேண்டாம். மூன்று விஷயம் போதும். அரை மணி நேரம் உண்மையான வேலை: கல்லாவில் பில் போட்டு மீதி கொடுக்கச் சொல்லுங்கள், பத்து பில்லில் எத்தனை சரி என்று எண்ணுங்கள். எல்லாருக்கும் ஒரே நான்கு கேள்வி, விடைக்கான புள்ளி முன்னரே எழுதியது. விண்ணப்பதாரரின் சம்மதத்தோடு முன்பு வேலை செய்த இடத்துக்கு ஒரு தொலைபேசி, அங்கும் ஒரே மூன்று கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை முழு அளவையும் பயன்படுத்திப் போடுங்கள். நால்வருக்கும் 4 போட்டால் அந்தத் தேர்வை வைக்காததற்குச் சமம். பிறகு கூட்டுங்கள். பிள்ளையின் அப்பாவோடு தேநீர் குடித்தபடி பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இப்படிக்கு,
மனிதவளத் துறை வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு